பிள்ளையின் தலையணைக்குக் கேட்காத அலாரம் யாருக்காக?



ஊர் மக்களே, பெற்றோரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, மத்ரஸா நிர்வாகிகளே, டியூஷன் நிலையம் நடத்துகிற சகோதரர்களே. இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். ஏச விரும்பினால் ஏசுங்கள், ஆனால் முழுதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

ஊரில் கட்டடங்கள் மேலே மேலே ஏறுகின்றன. அல்ஹம்துலில்லாஹ். கீழே கடை, நடுவில் டியூஷன் வகுப்பு, மேலே விடுதி என்று மூன்று மாடி, நான்கு மாடி. டைல்ஸ் பதிக்கிறோம். ஏசி பூட்டுகிறோம். பதினாறு கெமரா போடுகிறோம். திறப்பு விழாவுக்குப் பிரதம அதிதி வருகிறார், நாடா வெட்டுகிறார், கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் எல்லாம் வருகிறது. இவை எதற்கும் நாங்கள் எதிரில்லை.

கேட்பது ஒரே கேள்விதான். இரவு இரண்டு மணிக்குக் கீழ்மாடிக் குசினியில் தீப் பிடித்தால், மூன்றாம் மாடியில் தூங்குகிற பதினொரு வயதுப் பிள்ளையை எழுப்பப் போவது யார்?

இந்தக் கேள்வியை நிர்வாகங்களிடம் கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், ஃபயர் சிலிண்டர் வாங்கி மாட்டியிருக்கோமே." சிலிண்டர் நல்லது. ஆனால் சிலிண்டர் யாரையும் எழுப்பாது. விழித்திருக்கிற ஒருவன் கையில் எடுத்தால்தான் அது வேலை செய்யும். தூங்குகிறவனுக்கு முதலில் தேவை சத்தம்.

2017 செப்டம்பர் 14ஆம் திகதி கோலாலம்பூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? தாத்தோ கெரமாட் பகுதியில் இருந்த தாருல் குர்ஆன் இத்திஃபாகியா என்ற ஹிப்ழ் மத்ரஸா. சுபஹுக்குச் சற்று முன்னர் தீ. பிள்ளைகள் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழியில் நெருப்பு. 21 மாணவர்கள், இரண்டு விடுதிப் பொறுப்பாளர்கள், மொத்தம் 23 பேர் ஷஹீதானார்கள். அந்தத் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதென்று பின்னர் வழக்கு நடந்தது. நடக்கட்டும். தீயை வைத்தவன் யார் என்பது பொலிசின் கேள்வி. தீ வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, அந்த நிமிடங்களில் போவதற்கு வழி இருந்ததா என்பது கட்டடம் நடத்துகிறவர்களின் கேள்வி.

அதற்கு முந்திய வருடம், 2016 நவம்பர் 29, துருக்கியின் அதானா மாகாணத்தில் அலாதாக் என்ற ஊரில் மாணவிகள் விடுதி ஒன்று எரிந்தது. 12 பேர் மௌத்தானார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடச் சிறுமிகள். அவசர வழிக் கதவு பூட்டியிருந்தது என்ற செய்தி உலகம் முழுக்க வந்தது.

இரண்டு இடமும் நம்மைப் போன்றவர்கள் நல்ல எண்ணத்தோடு, நன்கொடைப் பணத்தில் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பிக்கிற இடங்கள்தான்.

மார்க்கம் பேசுகிற இடம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். மதீனாவில் ஒரு வீடு இரவில் அதில் இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அது சொல்லப்பட்டபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், நெருப்பை எதிரி என்று அறிவித்து, தூங்கப் போகுமுன் அதை அணைத்துவிடும்படி கட்டளையிட்டார்கள். விதி என்று சொல்லி அவர்கள் விட்டுவிடவில்லை. இரவு, தூக்கம், நெருப்பு ஆகிய மூன்றும் சேர்கிற ஆபத்தைப் பற்றி 1400 வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்ட உம்மத் நாம். அன்றைக்கு அணைப்பதற்கு ஒரு விளக்கு. இன்றைக்கு கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ், மோட்டர், இரவெல்லாம் சார்ஜில் கிடக்கிற ஃபோன்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்த மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

சரி, அலாரம் என்றால் என்ன? பத்தாம் தரப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம்தான்.

சின்ன, நடுத்தரக் கட்டடங்களுக்குப் போடுகிற சாதாரண அலாரம் முறையில் மூன்று பகுதி. முதலாவது கண்: கூரையில் பூட்டுகிற புகை உணரி, குசினியில் பூட்டுகிற வெப்ப உணரி, வாசலருகே கையால் அழுத்துகிற சிவப்புப் பெட்டி. இரண்டாவது மூளை: கட்டுப்பாட்டு பெனல். மூன்றாவது தொண்டை: பெல், சைரன், மின்னி மின்னி எரிகிற விளக்கு. மேல்மாடி ஒரு வலயம், கீழ்மாடி ஒரு வலயம் என்று கட்டடத்தைப் பிரித்து வயர் போடுவார்கள். எந்த வலயத்தில் தீ என்று பெனலில் விளக்கு எரியும். இதைவிட விலை கூடிய இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் எந்த உணரி என்றே பெயரோடு காட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் அது வேண்டும். நம்முடைய மூன்று மாடி விடுதிக்குச் சாதாரண முறையே போதும். "அதெல்லாம் கோடிக்கணக்கில் வரும்" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், அலாரம் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிற கட்டடங்களிலும் கண்ணும் மூளையும் வாங்கிவிட்டுத் தொண்டையில் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள். அலுவலக அறைக்கு வெளியே ஒரு சைரன். படிக்கட்டடியில் இன்னொன்று. அவ்வளவுதான். பகலில் பட்டனை அழுத்திப் பார்த்தால் காதைப் பிளக்கிறது. எல்லோரும் மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபல் சத்தம் போடுகிற நல்ல சைரன் என்று வைப்போம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில் 94. 4 மீற்றரில் 88. 8 மீற்றரில் 82. இடையில் மூடிய கதவு ஒன்று இருந்தால் இன்னும் 20 டெசிபல் அளவு போகும். மிச்சம் 62. தூங்குகிற ஒருவரை எழுப்ப அவருடைய தலைமாட்டில் 75 டெசிபல் இருக்க வேண்டும் என்பது பிரித்தானியத் தரத்திலும் அமெரிக்கத் தரத்திலும் உள்ள அளவு. 13 டெசிபல் குறைகிறது. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகத்தான் தெரியும். மேலே ஃபேன் வேறு கடகடவென்று ஓடுகிறது. நடைபாதையில் அலறுகிற சைரன் அறைக்குள் தூங்குகிற பிள்ளைக்குத் தூரத்தில் எங்கேயோ போகிற ஆட்டோ ஹோர்ன் மாதிரி.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? தூங்குகிற ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சைரன் வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஒரு பரிசோதனையில் 34 சிறுவர்களின் வீடுகளில் இரவில் புகை அலாரத்தை ஒலிக்கவிட்டார்கள். 27 பேர் எழும்பவே இல்லை. பெரியவர்களை எழுப்புகிற அந்தக் கீச்சுச் சத்தம் பிள்ளையின் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போவதில்லை. தாழ்ந்த சுருதிச் சத்தம் கூடுதலாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியதால்தான், அமெரிக்கத் தரத்தில் தூங்கும் அறைகளுக்கு 520 ஹேர்ட்ஸ் தாழ்சுருதிச் சத்தம் கேட்கப்படுகிறது. சைரன் வாங்கும்போது "இது எத்தனை ஹேர்ட்ஸ்?" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அலாரம் அடித்தாலும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டும். ஆகவே முதலில் எழும்ப வேண்டியவர் அந்த மாடியிலேயே தூங்க வேண்டும். கீழே தனி அறையில் தூங்கக்கூடாது.

காது கேளாத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைரன் என்பது சுவரில் இருக்கிற ஒரு சிவப்புப் பொருள் மட்டும்தான். அவர்கள் இருக்கிற வகுப்பிலும், படுக்கிற அறையிலும், கழிவறையிலும் மின்னி எரிகிற விளக்கு வேண்டும். அது கருணை காட்டுகிற விஷயம் இல்லை. அவர்களுடைய ஹக்.

அடுத்தது, பெனலில் எரிகிற மஞ்சள் விளக்கு. பல இடங்களில் இதைப் பார்க்கிறோம். "அது எப்பவும் எரியுறதுதான் சேர், பீப் சத்தத்தை ஆஃப் பண்ணிட்டோம்" என்கிறார்கள். அந்த விளக்கு என்ன சொல்கிறதென்று தெரியுமா?

சாதாரண நேரத்தில் பெனல் சைரன் வயருக்குள் ஒரு சிறிய மின்னோட்டத்தைத் தலைகீழாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சைரனுக்குள் இருக்கிற டயோட் அதைத் தடுத்துவிடும், அதனால் சைரன் ஒலிக்காது. வயரின் கடைசி முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். மின்னோட்டம் அதன் வழியாகத் திரும்பி வரும். திரும்பி வரும்வரை வயர் முழுதாக இருக்கிறது என்று பெனலுக்குத் தெரியும். எலி கடித்தாலோ, பெயின்ட் அடிக்க வந்தவர் வயரைக் கழற்றினாலோ மின்னோட்டம் நின்றுவிடும், மஞ்சள் விளக்கு எரியும். தீ என்று உணரி சொன்னால் பெனல் துருவங்களை மாற்றும், சைரன் அலறும். ஆகவே அந்த மஞ்சள் விளக்கு "நான் கத்தினால் யாருக்கும் கேட்காது" என்று பெனல் சொல்கிற மொழி. அதன் வாயைப் பொத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் என்ன சொல்வது?

இதைவிட மோசமான வேலையும் நடக்கிறது. வயரில் கோளாறு தேடுவதற்குச் சோம்பல்பட்டு, கடைசி முனையில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பெனலுக்குள்ளேயே பூட்டிவிடுகிற வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். காசும் வாங்கிவிடுவார். மேல்மாடி வயர் முழுவதும் அறுந்து கிடந்தாலும் பெனல் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளர் தேவையில்லை. அலாரம் பூட்டியவரை முன்னால் நிற்கவைத்து, கடைசி சைரனின் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெனல் கோளாறு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வயரும் சாதாரண வீட்டு வயராக இருக்கக்கூடாது. தீயைத் தாங்குகிற வயர் என்று தனியாக இருக்கிறது. குசினிக் கூரை வழியாகச் சாதாரண வயர் போனால், தீ முதலில் தின்பது சைரனின் வயரைத்தான்.

பெட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். பெனலுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் பெட்டரிகள் இரண்டு, தொடராக 24 வோல்ட். கரண்ட் போனாலும் 24 மணித்தியாலம் காவல் இருந்துவிட்டு, அதன் பிறகும் அரை மணித்தியாலம் சைரனை ஒலிக்க வைக்க வேண்டும் என்பது பிரித்தானியத் தரத்தின் கணக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாடு இது. கரண்ட் இல்லாத இரவில்தான் மெழுகுவர்த்தியும் எரிகிறது. நாலு வருடம் போன பெட்டரியை மாற்றாமல் வைத்திருந்தால், கரண்ட் போகிற அதே நேரத்தில் அலாரமும் போய்விடும்.

இனிச் சாட்டுகளுக்கு வருவோம்.

"வோச்சர் இருக்கிறார்." அவரும் மனிதர். கேட்டடியில் இருக்கிறவருக்குப் பின்பக்கக் குசினி தெரியாது.

"கெமரா இருக்கு." கெமரா பதிவு செய்யும், கூப்பிடாது. மறுநாள் விசாரணைக்குத்தான் உதவும்.

"கொங்கிறீட் கட்டடம், எரியாது." கொங்கிறீட் எரியாது. ஸ்பொஞ்ச் மெத்தை எரியும், திரைச்சீலை எரியும், பிளாஸ்டிக் அலுமாரி எரியும். ஸ்பொஞ்ச் எரிந்தால் வருகிற புகையில் காபன் மொனொக்சைட்டும் சயனைட் வாயுவும் இருக்கும். தீ நாக்கு தொடும் முன்பே புகை ஆளை முடித்துவிடும். மணத்தில் எழும்புவோம் என்று நினைக்காதீர்கள், தூக்கத்தில் மூக்கு எழுப்பாது.

"பள்ளி மைக்கில் சொல்லுவோம்." மைக்கைப் போட ஒருவர் விழித்திருந்து, ஓடிப்போய், கதவைத் திறந்து, கரண்டும் இருக்க வேண்டும். உதவிக்கு ஊரைக் கூட்ட மைக் நல்லது. உள்ளே தூங்குகிற பிள்ளைக்கு அது முதல் எச்சரிக்கை ஆகாது.

"பொய் அலாரம் அடித்து ஊரே சிரிக்குது." குசினியில் புகை உணரியைப் பூட்டினால் ரொட்டி சுடும்போதெல்லாம் அடிக்கத்தான் செய்யும். அங்கே வெப்ப உணரி பூட்டுங்கள். உணரிக்குள் தூசியும் பூச்சியும் போகும், துப்புரவு செய்யுங்கள். இடைவேளை பெல்லுக்கும் தீ அலாரத்துக்கும் ஒரே சத்தம் வைக்காதீர்கள். அடிக்கடி பொய் சொல்கிறது என்று ஒலியை நிறுத்தி வைப்பது, முஅத்தின் ஒரு நாள் நேரம் பிந்தினார் என்பதற்காகப் பள்ளியையே மூடுவது போன்றது.

"கேட்டைப் பூட்டாவிட்டால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை." இந்தக் கவலை நியாயமானது. மகள்மாரைப் பெற்றவர்களுக்கு அது விளங்கும். ஆனால் வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடிய பூட்டுகள் கடையில் இருக்கின்றன. ஜன்னல் கிறிலிலும் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி அடிக்கலாம். சாவி கீழே முகாமையாளரின் மேசை இலாச்சியில் இருக்கும்போது மேலே அலாரம் அடித்துப் பயன் என்ன? பிள்ளைக்கு விஷயம் தெரியும், வழி தெரியாது.

கடைசிச் சாட்டு, பணம். இதை நாங்கள் லேசாகத் தட்டிவிட மாட்டோம். ஜும்ஆ உண்டியலிலும் மாதச் சந்தாவிலும் ஓடுகிற மத்ரஸாக்கள் இருக்கின்றன, மௌலவிமாருக்குச் சம்பளம் கொடுக்கவே இழுபறி. அவர்களிடம் நாங்கள் கேட்பது ஒழுங்கைத்தான். காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை: வழிகளில் கிடக்கிற கட்டில், அரிசி மூட்டை, பழைய மேசைகளை அகற்றுவது, இரவில் கேஸ் சிலிண்டரை மூடுவது, ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெரியவரைத் தூங்க வைப்பது, ஒரு கைமணியைத் தொங்கவிடுவது, மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டிவந்து எண்ணிப் பார்ப்பது. அதன் பிறகு அலாரம். அதற்கும் வசதியில்லாவிட்டால், ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கிற புகை அலாரங்களையாவது வாங்குங்கள். கீழே ஒன்று மணந்தால் மேலேயும் அலற வேண்டும். தனித்தனியாக அடிக்கிறவை சின்ன வீட்டுக்குச் சரி, மூன்று மாடிக்குச் சரிவராது.

ஆனால் மினாராவுக்கு இன்னும் பத்து அடி உயரம் கூட்டப் பணம் இருக்கிறது, வரவேற்பு மண்டபத்துக்கு ஏசி போடப் பணம் இருக்கிறது, தூங்கும் அறைக்கு ஒரு சைரன் வாங்க மட்டும் பணமில்லை என்று சொல்கிற நிர்வாகங்களிடம் நாங்கள் ஒழுங்கை மட்டும் கேட்டு விடமாட்டோம். அது வறுமை இல்லை. எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குச் செலவழிக்கிற பழக்கம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்புகிற சகோதரர்களே, உங்கள் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம், இந்தத் தடவை சைரனுக்கு என்று எழுதி அனுப்புங்கள். ஓர் உயிரை வாழவைப்பதன் கூலி என்னவென்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தீயணைப்பு வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 110க்கு அழைக்க வேண்டும், கட்டாயம் அழைக்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் மாநகர சபைகளிடம்தான். பல பிரதேச சபைகளுக்குச் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. பக்கத்து நகரத்திலிருந்து வண்டி வந்து சேரும் நேரத்துக்குள் பிள்ளைகள் ஏற்கனவே வெளியே நிற்க வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருவது அலாரம் மட்டும்தான்.

பெற்றோரே, பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது என்ன கேட்கிறீர்கள்? எத்தனை ஜுஸ்உ மனனம், ஓ.எல் பெறுபேறு என்ன, சாப்பாடு எப்படி. இனி இந்த ஐந்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று, என் பிள்ளை தூங்குகிற அறைக்குள் சைரன் இருக்கிறதா?

இரண்டு, கதவை மூடி, ஃபேனைப் போட்டு, தலையணையில் தலை வைத்துக் கேட்டுப் பார்த்தீர்களா?

மூன்று, பெனலில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? பெட்டரி எந்த வருடம் மாற்றியது?

நான்கு, இரவில் கதவின் சாவி எங்கே, யாரிடம்?

ஐந்து, கடைசியாகப் பிள்ளைகளை இரவில் எழுப்பி வெளியேற்றிப் பழக்கியது எப்போது?

"இதெல்லாம் என்ன கேள்வி" என்று முகம் சுளிக்கிற நிர்வாகத்திடம் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள். பதில் இல்லாவிட்டாலும் "ஒரு மாதம் தாருங்கள், செய்கிறோம்" என்று சொல்கிறவர்களுக்கு அவகாசம் கொடுங்கள், கையும் கொடுங்கள். ஊரில் மின்னியல் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து போனால் ஒரு கட்டடத்தைப் பார்த்து முடிக்கலாம். நாங்களும் வருகிறோம்.

வருகிற நிர்வாகசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது முதலாவதாக வரவேண்டும், இதர விடயங்களுக்குக் கீழே வரக்கூடாது. இந்தப் பதிவைப் பகிர்வதைவிட, உங்கள் மஹல்லாத் தலைவருக்கு இன்று ஒரு கோல் எடுத்து அந்த முதல் கேள்வியைக் கேட்டால் எங்களுக்குப் போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.